சுழி பார்த்து வாங்குவோம்

மாடு வாங்கப் புறப்படும் எம்மூரவர் பிறர் சொல்லை மாத்திரம் நம்பிப் புறப்படுவதில்லை. சுழி பார்ப்பர், பல்லைப் பிடித்துப் பார்ப்பர், நாலடி நடக்கவிட்டுப் பார்ப்பர், பால்மாடாயின் கறந்தும் பார்ப்பர். சந்தையிலே கத்தரிக்காய் வாங்கும் இல்லத்தரசியும் காயைத் திருப்பிப் பார்க்காமல் காசை எடுப்பதில்லை. இத்துணை விழிப்புடைய நாம், பல்லாயிரம் ரூபா கொடுத்துக் கணினித் திரையொன்றை வாங்கும்போது மாத்திரம், பெட்டியின்மேல் அச்சிட்ட எண்களைப் படித்துவிட்டுத் தலையசைத்துத் திரும்புவது ஏன்? மாட்டுக்குச் சுழி பார்க்கும் நாம் திரைக்கும் சுழி பார்க்கலாகாதா? பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். எவ்வாறு பார்ப்பது என்பதனையே இங்கு எடுத்துக் கூற முற்படுகின்றோம்.

இது அற்ப விடயமன்று. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நோய்த்தொற்றின் காரணமாகப் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்ட நாள் தொட்டுப் பாடம் வீட்டுக்குள் திரை வழியே வரலாயிற்று. பள்ளிக்கூடங்கள் திறந்த பின்னரும் அவ்வழக்கம் முற்றாக ஒழியவில்லை. வட்டுக்கோட்டையிலும் அயலூர்களாகிய அராலி, சித்தன்கேணி, சங்கரத்தை ஆகிய இடங்களிலும் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள், கடந்தகால வினாத்தாள்களைத் திரையிலே வாசிக்கின்றனர். 1990ஆம் ஆண்டிற்குப் பின் பல ஆண்டுகள் குடாநாட்டில் மின்சாரம் இல்லாதிருந்தபோது, ஜாம் போத்தலுக்குள் சிறிது மண்ணெண்ணெயும் பஞ்சுத் திரியும் இட்டு, அந்தக் குன்றிமணியளவு சுடரிலே படித்த தலைமுறையினரே இப்பிள்ளைகளின் பெற்றோர். ஒளி குறைந்தால் கண் படும் பாட்டை அவர்கள் அறிவர். ஆதலின், பிள்ளையின் கண்ணுக்கு முன் நாளும் ஐந்தாறு மணி நேரம் நிற்கப்போகும் பொருளை ஆராய்ந்து வாங்குதல் அவர்க்குப் பெரும் பாரமாகாது.

பிறர் சொல்வதைக் கேட்டு அமையாது கண்ணாற் கண்டு தீர்மானித்தல் இவ்வூருக்குப் புதிதுமன்று. 1823ஆம் ஆண்டு இங்கு நிறுவப்பெற்ற வட்டுக்கோட்டைச் செமினரியில் வானசாத்திரம் ஒரு பாடமாயிருந்தது. 1829ஆம் ஆண்டில் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் குறித்து, அராலி விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கம் ஒரு கணக்கையும், செமினரி அதிபர் டானியல் பூவர் மற்றொரு கணக்கையும் கூறவே, யாருடைய கணக்குச் சரியென்பது வாதத்தினாலன்றி வானத்தைப் பார்த்தே அறியப்பட்டது. அந்த மனப்பான்மையே திரை வாங்கும்போதும் வேண்டற்பாலது.

முதற்கண், எல்.சீ.டீ. எனப்படும் திரை யாதென அறிதல் நலம். 1888ஆம் ஆண்டு, ஒஸ்திரியத் தாவரவியலாளர் பிரீட்ரிக் ரைனிற்சர், கொலஸ்திரோலிலிருந்து பெற்ற ஒரு பொருளைச் சூடாக்கியபோது அது இருமுறை உருகக் கண்டார். முதலில் கலங்கிய நீர்மமாயிற்று. மேலும் சூடேற்றவே தெளிந்தது. அந்தக் கலங்கிய இடைநிலையே திரவப் பளிங்கு. நீரைப்போல் ஓடும், ஆயினும் அதன் மூலக்கூறுகள் பளிங்கிலுள்ளவைபோல ஓர் ஒழுங்கில் நிற்கும். மின்னழுத்தம் பட்டால் அந்த ஒழுங்கு திரும்பும். திரையின் பின்னால் விளக்கொன்று எப்போதும் எரிந்துகொண்டிருக்கின்றது. அதன் ஒளியை ஓரிடத்தில் விடவும் ஓரிடத்தில் மறிக்கவும் இத்திரவப் பளிங்கு யன்னற் கதவுபோலத் தொழிற்படுகின்றது. ஒவ்வொரு படப்புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று யன்னல்கள் உள. 1920க்கு 1080 என்னும் அளவுடைய திரையொன்றில் 20 இலட்சத்து 73 ஆயிரத்து 600 படப்புள்ளிகளும், அவற்றுக்கு 62 இலட்சத்துக்கு மேற்பட்ட யன்னல்களும் அமைந்துள்ளன.

இத்துறையில் எம்மவர் பங்கும் உண்டென்பதனை மாணவர்கள் அறிந்திருத்தல் வேண்டும். சேர் சி. வி. இராமனின் குடும்பத்தவராகிய எஸ். சந்திரசேகர், பெங்களூர் இராமன் ஆராய்ச்சி நிலையத்தில் தம் சகாக்களுடன் 1977ஆம் ஆண்டில், தட்டுப்போன்ற வடிவுடைய மூலக்கூறுகளும் திரவப் பளிங்காகும் என்பதனை வெளிப்படுத்தினார். அவ்வகைப் பொருள் பூசிய மென்படலங்கள் பிற்காலத்தில் திரைகளுக்குள் வைக்கப்பட்டுப் பக்கவாட்டிலிருந்து பார்ப்போர்க்கும் படம் தெளிவுறத் தெரிய உதவின. நட்சத்திரங்களை ஆராய்ந்து நோபெல் பரிசு பெற்ற சந்திரசேகர் வேறு, இவர் வேறு.

இனிக் கடைக்குச் செல்வோம். அங்கே “இது எல்.சீ.டீ. அல்ல ஐயா, எல்.ஈ.டீ.” என்று கடைக்காரத் தம்பி கூறுவார். கணினித் திரைகளைப் பொறுத்தவரையில் அது பெரும்பாலும் பெயர் வேறுபாடே. எல்.ஈ.டீ. என்பது பின்னிருந்து எரியும் விளக்கின் பெயர். முன்னால் நிற்பது அதே திரவப் பளிங்குதான். முற்காலத் திரைகளில் மெல்லிய குழல் விளக்குகள் எரிந்தன. இன்று வருவனவற்றில் எல்.ஈ.டீ. விளக்குகள் எரிகின்றன. இவை குறைந்த மின்சாரத்தில் நெடுநாள் உழைக்கும். 24 அங்குலத் திரையொன்று பொதுவாக 20 முதல் 30 உவாற்று வரையே செலவிடும். எனவே இவ்விளக்கு நல்லதே; ஆயினும் இப்பெயரைக் கேட்டு மேலதிக விலை கொடுக்க வேண்டுவதில்லை.

“ஒன்றுக்குக் கோடி” என்று பெட்டியின்மேல் பொறித்திருக்கும் ஒளி வேறுபாட்டு எண்ணையும் பொருட்படுத்தற்க. முழுத்திரையின் விளக்கைத் தணித்தும் கூட்டியும் கணக்கிட்ட எண் அது. ஒரே நேரத்தில் ஒரே திரையில் வெண்மைக்கும் கருமைக்கும் உள்ள உண்மை வேறுபாடு, நல்ல ஐ.பீ.எஸ். திரையில் ஆயிரத்துக்கு ஒன்று என்னும் அளவினது, வீ.ஏ. திரையில் அதனிலும் சில மடங்கு கூடியது. எழுத்து வாசிக்க ஆயிரமே போதுமானது.

எண்களில் உண்மையாகப் பயன்படுவது அங்குலத்துக்கு எத்தனை படப்புள்ளி என்பதே. அதனைப் பெட்டியின்மேல் பெரும்பாலும் அச்சிடுவதில்லை. 1920க்கு 1080 அளவுடைய திரை 21.5 அங்குலமாயின் அங்குலத்துக்கு ஏறத்தாழ 102 புள்ளிகள். 24 அங்குலமாயின் 92. 27 அங்குலமாயின் 82. புள்ளிகளின் தொகை மாறவில்லை; அவை பரந்த இடத்தில் ஐதாகத் தூவப்பட்டன. பெரிய திரை சிறந்த திரை என்று எண்ணி 27 அங்குலத்தை இவ்வளவில் வாங்குபவர், அதிக விலை கொடுத்து மங்கிய எழுத்தை வாங்குகின்றார். 27 அங்குலந்தான் வேண்டுமெனின் 2560க்கு 1440 அளவுடையதைக் கேட்டு வாங்குதல் வேண்டும்.

இவ்விடத்திற்றான் சுழி பார்க்கும் அலுவல் தொடங்குகின்றது. ஆங்கில எழுத்துக்குப் போதுமான திரை தமிழெழுத்துக்குப் போதாமற் போகலாம். தமிழிலே மூன்று சுழி ணகரம், இரண்டு சுழி னகரம் என்று பேதம் உண்டு. ழுகரம், மூகாரம் முதலியன வளைவும் கீற்றும் நெருங்கியவை. எல்லாவற்றிலும் மெல்லியது மெய்யெழுத்தின் தலைமேற் குந்தியிருக்கும் புள்ளி. சிற்றெழுத்தில் அதற்குக் கிடைப்பது ஒன்றிரண்டு படப்புள்ளிகளே. அவை மங்கினால் “பல்” என்பது “பல” ஆகும். “கல்” என்பது “கல” ஆகும். பிள்ளை முன்னும் பின்னும் பார்த்துப் பொருளை ஊகித்துக்கொள்ளும். ஆயினும் ஒவ்வொரு வரியிலும் ஊகித்து வாசிக்கும் கண் விரைவிற் களைத்துவிடும்.

ஆகவே, கடைக்குச் செல்பவர் சிறிய யூ.எஸ்.பீ. கோலொன்றில் சில பக்கங்களைப் பதிந்து எடுத்துச் செல்லுக. முதலாவது, சிற்றெழுத்தில் அமைந்த தமிழ்ப் பக்கம். அதில் ணகர னகரங்களும் புள்ளிகளும் கையெட்டும் தூரத்தில் தெளிவாகத் தெரிதல் வேண்டும். பின்னர், முழு வெள்ளை, முழுக் கருமை, முழுச் சிவப்பு, முழுப் பச்சை, முழு நீலம் ஆகிய ஐந்து பக்கங்கள். வெள்ளையிலே கரும்பொட்டும், கருமையிலே ஒளிப்பொட்டும், நிறங்களிலே மாறான பொட்டும் நிற்குமாயின், அங்குள்ள யன்னல் திறவாமலோ மூடாமலோ இறுகிவிட்டது என்று பொருள். இத்தகைய பொட்டுக்கள் ஒரு குறித்த தொகை வரை இருப்பின் உற்பத்தியாளர் பலர் திரையை மாற்றிக் கொடுப்பதில்லை. குறைப் புள்ளிகளை வகுத்தெண்ணுவதற்கு உலக நியமமே உண்டு. ஆகையால் காசு கொடுப்பதற்கு முன்னரே பார்த்தல் அறிவுடைமை. கரும்பக்கத்தில் ஓரங்களிலும் மூலைகளிலும் ஒளி கசிகின்றதா என்பதனையும் நோக்குக.

அடுத்து, எழுந்து நின்றும், பக்கத்தே சென்றும், தரையில் அமர்ந்தும் பார்க்க. விலை குறைந்த ரீ.என். வகைத் திரைகளைக் கீழிருந்து பார்த்தால் நிறம் இருண்டு புரளும். அக்கா கதிரையிலும் தம்பி பாயிலும் இருந்து ஒரே பாடத்தைப் பார்க்கும் வீட்டுக்கு அது பொருந்தாது, ஐ.பீ.எஸ். வகையே ஏற்றது. திரையின் முகம் கண்ணாடிபோற் பளபளப்பதிலும் மங்கலாக இருப்பது நல்லது. யன்னலும் கதவும் திறந்துகிடக்கும் எமது வீடுகளில், பளபளக்கும் திரை முற்றத்து வேம்பையுங் காட்டும். திரையின் பின்புறமுள்ள இணைப்புத் துவாரங்கள் வீட்டுக் கணினியோடு பொருந்துமா என்று பார்க்கவும் மறவற்க. பழைய கணினிகள் சிலவற்றில் வீ.ஜீ.ஏ. ஒன்றே உண்டு, புதிய திரைகள் சிலவற்றில் எச்.டீ.எம்.ஐ. ஒன்றே உண்டு.

பாவித்த திரையை வாங்குவதும் இழுக்கன்று. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த அமெரிக்க டொலர் அவ்வாண்டு நடுவில் 360 ரூபா அளவுக்கு ஏறியபின், பல குடும்பங்களுக்கு அதுவே வழியாயிற்று. ஆனால் அரை மணி நேரம் எரியவிட்டுப் பார்த்த பின்னரே வாங்குதல் வேண்டும். மஞ்சள் படர்ந்திருத்தல், ஓரம் இருண்டிருத்தல், பழைய படத்தின் நிழல் நின்றிருத்தல், சூடேறிய பின் துடித்தல் ஆகியவை விளக்குக்கும் திரைக்கும் வயது போய்விட்டதன் அறிகுறிகள்.

வாங்கிய திரையை வீட்டில் வைக்கும் முறையுமுண்டு. யன்னல் திரைக்கு நேர் எதிரேயும் நேர் பின்னேயும் இன்றிப் பக்கவாட்டில் இருத்தல் நன்று. திரையின் மேல் விளிம்பு கண்மட்டத்திலோ சற்றுத் தாழவோ நிற்றல் வேண்டும். வெண்பக்கமொன்றைத் திறந்து, அருகே ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துப் பார்க்க. திரை தாளைவிட மிகப் பிரகாசமாயின் ஒளியைக் குறைக்க. கடையில் கண்ணைக் கவர்வதற்காகக் கூட்டி வைத்த ஒளி வீட்டுக்கு உதவாது. இருபது நிமிடத்துக்கொருமுறை பிள்ளை தலை நிமிர்ந்து இருபதடிக்கு அப்பாலுள்ள தென்னையையோ பனையையோ இருபது விநாடி பார்த்தல் கண்ணுக்கு ஓய்வு தரும்.

இனி, திரை நோயுற்றால் செய்வது யாது? அயல் வீட்டில் நிகழ்ந்ததொன்றைக் கூறுவோம். அவ்வீட்டுப் பெண் உயர்தரப் பரீட்சைக்கு ஆறு வாரம் இருக்கையில் திரை இருண்டது. சுவிச்சைப் போட்டால் இரண்டு விநாடி ஒளிரும், உடனே கறுத்துவிடும். கொண்டுசென்று காட்டிய கடையில், “இது சரிவராது, புதிது வாங்குங்கள்” என்றனர். தாயார் கையிலிருந்தது வகுப்புக் கட்டணம். அதனைத் திரைக்குக் கொடுத்தால் வகுப்பு நின்றுவிடும். அவர் திரையைத் திருப்பி எடுத்து வந்து, வானொலி திருத்திப் பழகிய முதியவர் ஒருவரை அழைத்தார். அவர் திரையைக் கழற்றவில்லை. “பிள்ளை, அந்த ரோச் லைற்றைக் கொண்டு வாரும்” என்றார். அறையை இருட்டாக்கி, கறுத்த திரையில் ஒளியைச் சாய்த்துப் பிடித்தார். மங்கலாக, ஆயினும் முழுமையாக, கணினியின் முகப்புப் பக்கம் அதற்குள் தெரிந்தது. “பாரும் தங்கச்சி, திரை சாகேல்லை. பின்னாலை விளக்குத்தான் நூந்துபோச்சு” என்றார் தாயாரிடம்.

மின்னிணைப்பைத் துண்டித்து நெடுநேரம் ஆறவிட்ட பின் அவர் திறந்து பார்த்தபோது, விளக்குக்கு மின்னூட்டும் பலகையில் இரண்டு கொள்ளளவிகளின் தலை பூரித்திருந்தது. கடைத்தெருவில் கப்பாசிற்றர் என்று கேட்டால் கிடைக்கும் அச்சிறு உருளைகள் வெப்பத்தில் நாட்பட உலர்ந்து பூரிப்பது வழக்கம். அதே அளவில் புதியன இரண்டு வாங்கி ஈயப்பற்று வைத்தார். திரை மீண்டும் ஒளிர்ந்தது. செலவு புதிய திரையின் விலையில் மிகச் சிறு பங்கு. வகுப்பு நிற்கவில்லை.

இந்நிகழ்ச்சியிற் கற்க வேண்டுவது ஈயப்பற்று வைப்பதையன்று. அவர் வினவிய ஒழுங்கையே. அவ்வொழுங்கின் பெரும்பகுதியை எவரும் பின்பற்றலாம். முதல் வினா: மின்சாரம் வருகின்றதா? சுவரிலுள்ள துவாரத்தில் மேசை விளக்கைச் செருகிப் பார்த்தால் தெரியும். இரண்டாவது: திரையின் சிறு விளக்கு எரிகின்றதா? எரியாவிடின் மின்வடத்தையோ அதன் சிறு மின்பெட்டியையோ ஐயுறுக. மூன்றாவது: “சிக்னல் இல்லை” என்று திரை தானே எழுதிக் காட்டுகின்றதா? காட்டினால் திரை நலமாயுள்ளது; நோய் கணினியிலோ இணைப்பு வடத்திலோதான். வடத்தைக் கழற்றி மீண்டும் இறுகச் செருகுக. இரவல் வடமொன்றை மாற்றிப் பார்க்க. திரையை வேறொரு கணினியில் இணைத்துப் பார்க்க. நான்காவது: கறுத்த திரையில் ரோச் லைற் பிடித்தால் படம் தெரிகின்றதா? தெரிந்தால் விளக்கோ அதற்கு மின்னூட்டும் பகுதியோ பழுது. இந்நான்கு வினாக்களுக்கும் விடை கண்டபின் கடைக்குச் செல்பவரை எவரும் எளிதில் ஏமாற்ற இயலாது.

எழுத்து மங்கித் தோன்றினால் திரையைப் பழிக்குமுன், கணினியில் தெரிவு செய்துள்ள அளவு திரையின் இயல்பளவாகிய 1920க்கு 1080தானா என்று பார்க்க. வேறு அளவைக் கொடுத்தால் ஒரு புள்ளியை ஒன்றேகாற் புள்ளியாக நீட்டவேண்டி வந்து எழுத்துக் குழம்பும். நிறம் மாலையில் மாத்திரம் மஞ்சளாயின், கணினியில் இரவு ஒளி அமைப்பு இயங்குகின்றதெனக் கொள்க. மின்சாரம் நின்று இன்வேட்டரில் ஓடும்போது மாத்திரம் திரை துடித்தால், குறை அம்மின்சாரத்தின் அலையில் இருத்தல் கூடும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்த காலத்தில், இவ்வகை முறைப்பாடு பல வீடுகளிற் கேட்டது.

எமது ஊருக்கென்றே சில பகைகள் உண்டு. களப்பிலிருந்து வரும் உப்புக் காற்று இணைப்புகளில் களிம்பேற்றும். மாதம் ஒருமுறை கழற்றிச் செருகுதல் நலம். வெதுவெதுப்பை நாடி எறும்புகள் காற்றுத் துவாரத்தால் உட்புகும். இனிப்புத் தேநீரைத் திரையருகே வைத்தல் அவற்றை அழைப்பதாகும். சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகல் இடி முழங்கும்போது, சுவிச்சை நிறுத்தினால் மாத்திரம் போதாது. புளக்கையே கழற்றிவிட வேண்டும். துடைக்கும்போது திரையை நிறுத்தி, மென்மையான பருத்தித் துணியைச் சிறிதே நனைத்துத் துடைக்க. திரைமேல் நீர் தெளிப்பதும் ஸ்பிரிற்று ஊற்றுவதும் மேற்பூச்சைக் கெடுக்கும்.

இரண்டு எச்சரிக்கைகளைச் சொல்லாமல் விடலாகாது. மின்னூட்டும் பலகையிலுள்ள பெரிய கொள்ளளவிகள் புளக்கைக் கழற்றிய பின்னரும் மின்னைத் தேக்கி வைத்திருக்கும். அதனைத் திறக்கும் வேலை பழகியவர்க்கே உரியது; மாணவர் விளையாட்டாகவும் தொடலாகாது. மற்றையது, கண்ணாடி வெடித்து உள்ளே மை சிந்தியதுபோற் பரவினால் திருத்த முயலுதல் வீண். அப்பகுதியின் விலை புதிய திரையின் விலையை நெருங்கிவிடும். அத்தகையதை வளவுக்குள் போட்டுக் கொளுத்தற்க. பழைய குழல் விளக்குத் திரைகளில் இரசம் உண்டு. அது கிணற்றுநீரை நம்பி வாழும் எமக்குப் பகை. மின்கழிவு சேர்ப்போரிடமே ஒப்படைத்தல் வேண்டும்.

இத்துணையும் ஒரு பெட்டிக்காகவா என்று சிலர் வினவலாம். வட்டுக்கோட்டைச் செமினரியிற் பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளை, செல்லரித்த ஏடுகளைத் தேடித் தொகுத்து 1887ஆம் ஆண்டு கலித்தொகையை அச்சேற்றினார். ஏட்டிலே எழுத்தாணியாற் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று பெரும்பாலும் புள்ளியின்றியே எழுதினர். மெய் எது, உயிர்மெய் எது என்று ஒவ்வோரெழுத்திலும் நின்று தீர்மானித்து, எமக்குப் புள்ளியோடு கூடிய நூல்களைத் தந்தவர் அவர்போன்ற பதிப்பாசிரியர். இன்று ஈழத்துப் பழைய நூல்களையும் இதழ்களையும், 2005ஆம் ஆண்டு தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகத்தின் வாயிலாக, எம் பிள்ளைகள் வீட்டுத் திரையிலேயே திறந்து வாசிக்கின்றனர். அவர்கள் அத்துணைப் பாடுபட்டு வைத்த புள்ளி, நாம் பாராது வாங்கிய திரையிலே மறைந்துபோதல் தகுமா? வருகின்ற தவணைக்குத் திரை வாங்கவிருப்போர், தமிழ்ப் பக்கமொன்றைக் கையோடு எடுத்துச் செல்வார்களாக.